கூலி என்று எழுதிய பணம்

ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. எந்தத் தாய் தன் பிள்ளைக்கு ஊசி என்று பெயர் வைப்பாள்? அது குழியில் கூட இருந்த பெண்கள் வைத்தது. ஆள் ஒல்லி, வாய் குத்தும், அதனால் ஊசி. ஒரு பெரிய கட்டடத்துக்கு அடியில், விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் நிலவறை அது. அங்கே அடைபட்டுக் கிடந்த பெண்கள் அதைக் குழி என்றுதான் சொல்வார்கள். முதலாளி யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்பதே எல்லோருக்கும் பொதுப் பெயர். ஆகவே அவர்களே ஒருத்திக்கு ஒருத்தி பெயர் வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்தபிறகும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது அண்ணன் பெண்டாட்டிகூட அவளை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இந்த ஊசிக்கு இரண்டு விஷயங்களைக் கண்டால் ஆகாது. ஒன்று மூடின கதவு, இன்னொன்று தன் பெயருக்கு வரும் உறை. கதவுக்கு ஒரு வழி பண்ணிவிட்டாள். அவளுடைய சலவைக் கடைக் கதவை ஒரு செங்கல் எந்நேரமும் முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கும். சாரல் அடித்தாலும் சரி, தெருநாய் உள்ளே வந்து ஈரத்தில் படுத்தாலும் சரி, கல்லை எடுக்க விடமாட்டாள். உறைக்குத்தான் வழி தெரியவில்லை. குழியில் மாதாமாதம் முதலாளி ஆளுக்கு ஓர் உறை கொடுப்பான். உள்ளே சம்பளம் இருக்காது. கூட்டிவந்த செலவு, சோற்றுச் செலவு, படுக்க இடம் கொடுத்த செலவு என்று கடன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற சீட்டுதான் இருக்கும். வேலை செய்யச் செய்யக் கடன் ஏறுகிற கணக்கை அந்தப் படுபாவி எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தானோ! அன்றிலிருந்து தன் பெயர் போட்ட எந்த உறையையும் அவள் பிரிப்பதில்லை. கரண்ட் பில்லைக்கூட அண்ணிதான் பிரிக்க வேண்டும்.

அரசாங்க முத்திரை போட்ட உறைகள் வர ஆரம்பித்தபோதும் அதையேதான் செய்தாள். துண்டு அடுக்கும் அலமாரிக்கு அடியில் சொருகிவிட்டு வேலையைப் பார்த்தாள். பிரிக்காத கடிதம் கடிக்காது என்று நினைத்தாள் போலிருக்கிறது. வரி இலாகா அப்படி நினைக்கவில்லை. அடுத்த உறையை ஓர் ஆளிடமே கொடுத்து அனுப்பிவிட்டது.

வந்தவன் ஸ்கூட்டரைக்கூட அணைக்கவில்லை. "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றான்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க" என்றாள் ஊசி, கூசாமல். கடையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

கூட்டாளி குண்டக்கா உள்ளேயிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பாதிக் கோலமும் பாதிக் கிறுக்கலுமான தன் கையெழுத்தைப் போட்டு வாங்கினாள். குண்டக்கா இப்போது குண்டு இல்லை. குழிக்குள் வந்த அன்று குண்டாக இருந்தாள், அவ்வளவுதான். மூன்று வருஷ வேலை அவளிடமிருந்து உடம்பையும், இடது கையில் இரண்டு விரல்களையும் எடுத்துக்கொண்டது. விரிப்பை இஸ்திரி போடும் சூட்டு உருளை ஒருநாள் அவள் கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. ஆனால் சிரிப்பை மட்டும் எந்த உருளையும் இழுக்கவில்லை.

"உனக்கு லவ் லெட்டர் வந்திருக்குடி. முத்திரையெல்லாம் குத்தி அனுப்பியிருக்கான்" என்றாள்.

மதியச் சோறு கொண்டுவந்த அண்ணி அதைப் பிரித்துப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கியது. நீதிமன்ற ஆணைப்படி பெற்ற தொகை 'நிலுவைக் கூலி' என்பதால் அது வருமானம். வருமானத்துக்கு வரி உண்டு. மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லாததால் அபராதமும் உண்டு. மறுநாள் காலை நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கடையில் இருக்கும் பொருளை ஜப்தி செய்து வசூலிக்கப்படும்.

கடையில் இருக்கும் பொருள் என்றால் என்ன, செங்கல்லும் வாளியுமா? அந்தப் பெரிய மெஷின்தான். இரண்டு பேரும் முதலாளிமேல் போட்ட வழக்கில் தங்களுக்கு வந்த பணத்தைச் சேர்த்துப் போட்டு வாங்கியது. அதை நம்பித்தான் இரண்டு விடுதிக்காரர்கள் துணி அனுப்புகிறார்கள். மெஷின் போனால் கடை போச்சு. கடை போனால் யாரிடமாவது போய் வேலை கேட்டு நிற்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவன் எதிரே நின்று "வேலை இருக்கா?" என்று கேட்பது. அப்படி ஒருவனை நம்பித்தானே எல்லாம் ஆரம்பித்தது? அதற்குப் பட்டினி கிடந்து சாகலாம் என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள்.

"மூணு கடுதாசி வந்துச்சாமே, எங்கடி?" என்றாள் அண்ணி.

ஊசி அலமாரியின் அடியைக் காட்டினாள். அண்ணி குனிந்து இழுத்தாள். மூன்றோடு நிற்கவில்லை. அந்த வழக்கை நடத்திய வக்கீலம்மா அனுப்பிய ஓர் உறையும் சேர்ந்து வந்தது.

குண்டக்கா இடுப்பில் கைவைத்தாள். "அடிப்பாவி! இதைத்தானே நான் போன வருஷம் கேட்டேன்? வக்கீலம்மா ஆபீசுல கையெழுத்துப் போடணுமாம், எனக்கு வந்த மாதிரி உனக்கும் கவர் வந்துச்சான்னு கேட்டேனா இல்லையா? ஆமாக்கா, நான் அப்பவே போட்டுட்டேன்னு சொன்னியே!"

"சொன்னேன்."

"நாங்கெல்லாம் போட்டுட்டு வந்தோம். ஒரு பைசா வரி இல்ல. இவ மட்டும் மகாராணி, கவரைப் பிரிக்க மாட்டா!"

அண்ணிதான் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். வக்கீலம்மா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தேவிட்டாள். "இதுக்கா பயந்துட்டே? கடத்திட்டுப் போய் வேலை வாங்கினவன்கிட்ட இருந்து கோர்ட்டு வாங்கிக் கொடுத்த பணத்துக்கு வரிச் சலுகை இருக்கும்மா. ஒரு உறுதிமொழிப் படிவம், அதுல ஒரு கையெழுத்து. நேரா ஆபீசுக்கே போய்ப் போட்டுடு. உன்கூட இருந்தவங்க எல்லாரும் போட்டாச்சு. அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷ வேலை என்று சொல்லி ஆரம்பித்த எந்த வேலைதான் அஞ்சு நிமிஷத்தில் முடிந்திருக்கிறது?

அன்று பூராவும் ஊசிக்கு வேலை ஓடவில்லை. வெள்ளை விரிப்போடு ஒரு சிவப்புத் துண்டைப் போட்டு மெஷினைச் சுற்றவிட்டு, குண்டக்காவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள். வீட்டில் அண்ணன் வழக்கம்போலத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அவளைக் குழியில் கொண்டுபோய்த் தள்ளிய தரகனை வீட்டுக்குக் கூட்டிவந்து, "நல்ல இடம், ஓட்டல் வேலை" என்று சொன்னது அவன்தான். காசுக்காகச் செய்யவில்லை, நம்பித்தான் செய்தான். அதனால்தான் அவனால் தங்கையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. காசு வாங்கியிருந்தால் ஒருவேளை நன்றாகவே பார்த்திருப்பான்.

மறுநாள் அண்ணியும் ஊசியும் வரி அலுவலகத்துக்குப் போனார்கள். நீளமான கூடம், சுவரோரம் இரும்பு நாற்காலிகள், தலைக்கு மேலே சிவப்பில் மாறும் டோக்கன் எண். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் கதவை மட்டும் முடியவில்லை. யாராவது உள்ளே போனால் அது தானாக வந்து 'டப்' என்று சாத்திக்கொண்டது. ஒவ்வொரு 'டப்'புக்கும் ஊசியின் தோள் துள்ளியது. அண்ணி அதைக் கவனித்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணி திட்டுவதும் அதிகம், இந்த மாதிரிக் காரியம் செய்வதும் அதிகம்.

எண் வந்ததும் உள்ளே போனார்கள். அதிகாரியம்மா மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். "தலையில இருக்குங்க மேடம்" என்று அண்ணி சொன்னதும் சிரித்து, அதை இறக்கி மாட்டிக்கொண்டார். ஊசிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கண்ணாடியைத் தேடுகிற மனுஷி அவ்வளவு பொல்லாதவராக இருக்கமாட்டார் என்று பட்டது.

நிஜமாகவே பொல்லாதவர் இல்லை. ஆணையைப் பார்த்தார், திரையில் எதையோ தட்டினார். "இதுக்கு ஏன்மா இத்தனை நாள்? உங்களுக்குச் சலுகை உண்டு. கையெழுத்துப் போட்டா வரி, அபராதம் எல்லாம் போயிடும்" என்று ஒரு படிவத்தை நகர்த்தி, பேனாவையும் அதன்மேல் வைத்தார்.

அண்ணி கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். ஊசி பேனாவை எடுக்கவில்லை. ஒருமுறை படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் அவள். தரகன் நீட்டிய தாளில், அண்ணன் பக்கத்தில் நிற்கிற தைரியத்தில், சிரித்துக்கொண்டே போட்டாள். அதற்கப்புறம் மூன்று வருஷம் சூரியனைப் பார்க்கவில்லை. இப்போது மருந்துச் சீட்டானாலும் படித்துவிட்டுத்தான் மறுவேலை.

படித்தாள். 'நீதிமன்ற ஆணைப்படி நான் பெற்ற தொகை, நான் செய்த எந்த வேலைக்கும் ஈடான கூலி அல்ல என்றும், எனது ஆதரவற்ற நிலை கருதி வழங்கப்பட்ட நிவாரணமே என்றும் உறுதி கூறுகிறேன்.'

இன்னொரு முறை படித்தாள். இதை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். தாளில் அல்ல, ஒரு மனிதன் வாயிலிருந்து. நீதிமன்றத்தில் முதலாளியின் வக்கீல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னான்: "இந்தப் பெண்கள் எந்த வேலையும் செய்யவில்லை. ஆதரவில்லாமல் வந்தவர்கள். என் கட்சிக்காரர் இரக்கப்பட்டு இடமும் சோறும் கொடுத்தார். அதற்குக் கூலி கேட்கிறார்கள்." அடி வாங்கியதைச் சொன்னபோது அழாதவள், பூட்டி வைத்ததைச் சொன்னபோது அழாதவள், இதைக் கேட்டுத்தான் எழுந்து நின்று கத்தினாள். "அப்ப அந்தத் துணியெல்லாம் தானா வெளுத்துச்சா?" கூடமே சிரித்துவிட்டது. நீதிபதி அவளை உட்காரச் சொன்னார். ஆனால் தீர்ப்பில் எழுதினார்: இவர்கள் உழைத்தார்கள், அதற்குரிய கூலி மறுக்கப்பட்டது, அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டும். பணம் எவ்வளவு என்று அன்றைக்கு அவள் காதில் விழவே இல்லை. கூலி என்ற சொல்லை மட்டும் வீடு வந்து சேரும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மேடம், இதுல நான் வேலை செய்யலைன்னு இருக்கு."

"அது சும்மா சட்டத்துக்காகம்மா. எல்லாருக்கும் ஒரே வாசகம்தான்."

"நான் செஞ்சேனே."

"செஞ்சீங்க, யாரு இல்லைன்னா?"

"இந்தப் பேப்பர் இல்லைங்குதே."

மேசைக்குக் கீழே அண்ணி தொடையில் கிள்ளினாள். நல்ல கிள்ளு, மறுநாள் வரை சிவந்திருந்தது. ஊசி வாயை மூடவில்லை. "அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அடிச்சுட்டுப் போடட்டுங்களா?"

அதிகாரியம்மா தலையாட்டினார். "ஒரு எழுத்தை அடிச்சாலும் மேல திருப்பி அனுப்பிடுவாங்க. கூலின்னா வரி உண்டு, நிவாரணம்னா கிடையாது. ரெண்டுல ஒண்ணுதான் சொல்ல முடியும்."

"ரெண்டும்தானே மேடம் நடந்துச்சு? வேலையும் வாங்கினான், அடிக்கவும் செஞ்சான்."

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு மதியம் வரைக்கும் டைம் தர்றேன். அதுக்கு மேல என் கையில இல்லம்மா. யோசிச்சு நல்ல முடிவா எடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணி பிடித்துக்கொண்டாள். "உன் வாய்க்கு ஒரு பூட்டு இல்லையாடி! சாமியே வரம் குடுக்குது, நீயே பூசாரியா நின்னு தடுக்கறே. அவன் அடிச்சான், பொறுத்தே. பூட்டி வெச்சான், பொறுத்தே. ஒரு கையெழுத்தைப் பொறுக்க முடியலையா? மெஷினைத் தூக்கிட்டுப் போனா நீயும் அவளும் தெருவுல நின்னு கையால துவைப்பீங்களா?"

ஊசியின் வீரமெல்லாம் அந்தக் கதவு 'டப்' என்று சாத்துகிறவரைக்கும்தான். பேருந்தில் உட்கார்ந்ததும் அது இறங்கிவிட்டது. அண்ணி சொல்வது முழுக்க நியாயம். மெஷினில் பாதி குண்டக்காவின் பணம். தன் ரோஷத்துக்கு அவள் ஏன் அழ வேண்டும்? மூன்று விரல் கையோடு அவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? நாளைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம் என்று தீர்மானித்தாள். தீர்மானித்த கையோடு வேறொன்று உறைத்தது. குண்டக்காவும் இதே தாளில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்ன போட்டோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

முதல் பயத்தைவிட இது பெரிய பயமாக இருந்தது. கடையை நெருங்க நெருங்க அண்ணியின் முழங்கையைப் பிடித்து, "அண்ணி, அந்தப் பேப்பர்ல என்ன இருந்துச்சுன்னு அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினாள்.

"நான் ஏன் சொல்றேன்? எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அண்ணி.

குண்டக்கா உலர்ந்த விரிப்புகளை அம்பாரமாகக் குவித்து வைத்துக் காத்திருந்தாள். பெரிய விரிப்பை ஒருத்தி மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து உதறி, நடந்து வந்து சேர்க்க வேண்டும். ஊசி எதிர்முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, முடிஞ்சுதா?"

"நாளைக்குப் போடணும்க்கா."

"ஏன், இன்னைக்கு என்ன?"

"பேனா எழுதலை."

"அவ்ளோ பெரிய ஆபீசுல ஒரே பேனாவா?" குண்டக்கா விரிப்பை உதறினாள். "பொய் சொல்றப்ப உனக்குக் காது ஆடும்டி. என்ன ஆச்சு, சொல்லு."

சொல்லமாட்டேன் என்ற அண்ணியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. காலையிலிருந்து உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது பொங்கி வழிந்துவிட்டது. "என்ன ஆச்சா? நல்லா கேளு உன் தங்கச்சியை! நான் வேலை செய்யலைன்னு அதுல எழுதியிருக்காம், அதுக்காக மகாராணி கையெழுத்துப் போட மாட்டாங்களாம்! நீங்கெல்லாம் போடலையா? உங்களுக்கு என்ன கொறைஞ்சு போச்சு..." சொல்லும்போதே அவளுக்கே புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன செய்ய?

விரிப்பின் அந்த முனை தரையில் விழுந்தது. துவைத்த துணியைக் குண்டக்கா தரையில் விட்டு ஊசி பார்த்ததே இல்லை.

"நான் போட்டதும் அதுலயா?" என்று கேட்டாள் குண்டக்கா.

"உன்னுது வேறக்கா. அது பழைய பேப்பர்..."

"காது ஆடுது."

ஊசி தலையைக் குனிந்துகொண்டாள்.

குண்டக்கா கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். "முழுசா சொல்லு. ஒரு வார்த்தை விடாம சொல்லு" என்றாள். ஊசி சொன்னாள். இரண்டே தடவை படித்தது, ஆனாலும் ஒரு சொல் மறக்கவில்லை. கேட்டு முடித்ததும் குண்டக்கா நிமிர்ந்தாள்.

"இது அந்தக் கோட்டுக்காரன் சொன்னதாச்சே."

"ஆமாக்கா."

"நீ எழுந்து சத்தம் போட்டியே, அது." குண்டக்கா தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் வேலையே செய்யலைன்னா இது எங்க போச்சாம்? எலி கடிச்சிருச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி அழ ஆரம்பித்தாள். குண்டக்கா அழவில்லை. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தரையில் கிடந்த விரிப்பை மறுபடி துவைக்கப் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்து ஒரு முனையை ஊசியிடம் நீட்டினாள். அன்று மிச்சத் துணி முழுவதையும் பேசாமல் மடித்து முடித்தார்கள். குண்டக்கா பேசாமல் வேலை செய்து ஊசி பார்த்தது குழியில் மட்டும்தான். அதுவே அவளுக்குத் தாங்கவில்லை. தன்னால்தானே, வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் இவள் சிரித்துக்கொண்டே இருந்திருப்பாளே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கிளம்பும்போது குண்டக்கா சொன்னது ஒன்றே ஒன்று. "நாளைக்கு நானும் வர்றேன்."

தான் ஒழுங்காகக் கையெழுத்துப் போடுகிறோமா என்று பார்க்கத்தான் வருகிறாள் என்று ஊசி நினைத்தாள். அதுவும் நல்லதுதான் என்று தோன்றியது. பக்கத்தில் அவள் இருந்தால் தைரியமாகப் போட்டுவிடலாம்.

மறுநாள் மூன்று பேரும் அதே இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கதவு அதேபோல 'டப்' என்று சாத்திக்கொண்டது. எண் வந்தது. உள்ளே அதிகாரியம்மா படிவத்தைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். கண்ணாடியும் மூக்கின்மேலேயே இருந்தது. "நல்ல முடிவு எடுத்தீங்களா?" என்றார்.

"எடுத்துட்டோம் மேடம்" என்று அண்ணி முந்திக்கொண்டாள்.

ஊசி பேனாவை எடுத்தாள். மெஷினை நினைத்துக்கொண்டாள், வாடகையை நினைத்துக்கொண்டாள், யாரோ ஒருவன் முன்னால் நின்று வேலை கேட்பதை நினைத்துக்கொண்டாள். பேனா முனை தாளைத் தொடப் போகும் நேரத்தில் மூன்று விரல் உள்ள ஒரு கை வந்து படிவத்தின்மேல் படிந்தது.

"இவ விஷயம் அப்புறம் மேடம். முதல்ல என் விஷயம்" என்றாள் குண்டக்கா. "எனக்கு வரி போடணும்."

அதிகாரியம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, "என்னம்மா?" என்றார்.

"நான் போன வருஷம் இதே பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்குன்னு தெரியாம போட்டுட்டேன். அதைத் திருப்பிக் கொடுங்க. எனக்கும் வரி போடுங்க."

அதிகாரியம்மா பெயரைக் கேட்டுத் திரையில் தட்டிப் பார்த்தார். "உங்களுது முடிஞ்சு போச்சேம்மா. சலுகை கொடுத்தாச்சு. வரி வேண்டாம்னு இந்த நாற்காலியில உக்காந்து அழுதவங்களைப் பார்த்திருக்கேன். போடுங்கன்னு கேட்டு யாரும் வந்ததில்லை."

"ஐயோ மேடம், இவங்க சொல்றதைக் கேக்காதீங்க. ரெண்டு பேருக்கும் சேர்ந்தே புத்தி கலங்கிப் போச்சு" என்று அண்ணி எழுந்தேவிட்டாள்.

"உக்காரு தாயி" என்றாள் குண்டக்கா, மெதுவாக. பிறகு அதிகாரியம்மாவைப் பார்த்து, "வரி எதுக்கு மேடம் கட்டறாங்க?" என்று கேட்டாள்.

"சம்பாதிக்கறவங்க கட்டறாங்க."

"அப்ப நானும் கட்டறேன்."

ஊசிக்குப் பயம் போகவில்லை, போகவே இல்லை. மெஷினை ஏற்றிப் போகும் வண்டி கண் முன்னால் நின்றது. ஆனால் தன் தோளோடு உரசிக்கொண்டு நிற்கும் இவளை மூன்று வருஷம் பக்கத்துத் தொட்டியில் பார்த்தவள் அவள். ரத்தம் சொட்டின கையை முந்தானையால் கட்டிக்கொண்டு மறுநாளே அந்த உருளைக்குத் திரும்பினவள் இவள். அதை இல்லையென்று சொல்லும் தாள் ஒன்று இந்தக் கட்டடத்தில் எங்கோ இருக்கிறது, இவள் கையெழுத்தோடு. ஊசி பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"நான் போடலை மேடம்" என்றாள்.

அதிகாரியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மெஷின் போயிடும்மா. தவணை கேட்டு எழுதினா நான் சிபாரிசு பண்றேன், ஆனா கிடைக்கும்னு சொல்ல முடியாது. அது உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது" என்றாள் ஊசி.

"இவங்க கேக்கறதுக்கு எங்ககிட்டப் படிவமே கிடையாது. கொடுத்த சலுகையைத் திருப்பி எடுத்துக்கங்கன்னு யாரு எழுதிக் கேப்பாங்கன்னு படிவம் அடிக்கிறது?"

"படிவம் இல்லேன்னா ஒரு வெள்ளைத் தாள் கொடுங்க" என்றாள் குண்டக்கா.

அதிகாரியம்மா அச்சு இயந்திரத்தின் தட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். ஒரு கணம் யோசித்து, இன்னொன்றையும் உருவி, இரண்டையும் மேசைமேல் வைத்தார். அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊசி முதல் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். "என்னக்கா எழுத?"

"துவைச்சோம்னு எழுது" என்றாள் குண்டக்கா. "முதல்ல அதை எழுது. மத்ததெல்லாம் அப்புறம்."

ஊசி எழுதினாள். எழுத்துக் கோணலாகத்தான் வந்தது, ஆனால் படிக்க முடிந்தது.